பையும் சான்றிதழும் மட்டும்தானா?

கேள்வி: அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை நான். கைக்காசு போட்டு ஆசிரியர் மாநாட்டுக்குப் போவதில் பயன் உண்டா? போய் வந்தவர்கள் பையையும் சான்றிதழையும்தான் காட்டுகிறார்கள்.
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை என்று முதல் நாள் காலையில் பாதி போய்விடும், உண்மைதான். சரக்கு இருப்பது அதற்குப் பிறகு சின்ன அறைகளில் நடக்கும் அமர்வுகளில். தலைப்பிலேயே மூச்சுமுட்டும் கோட்பாட்டு உரைகளைத் தாராளமாகத் தவிர்க்கலாம். அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பைப் பேச வைத்த கதையை ஓர் ஆசிரியர் சொல்ல வந்தால், முன்வரிசையில் உட்காருங்கள்.

வகுப்பறை அனுபவத்தின் மதிப்புக்கு, ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபுவைப் பாருங்கள். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அவர் குழு ஒரு சோதனை நடத்தியது. இலக்கணப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, பிள்ளைகளை யோசித்து விடை சொல்ல வைத்தார்கள். பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகமே பேசும் முறைக்கு அது முன்னோடி. அதே பிரபுதான் 1990-இல், எல்லோருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என வாதிட்டுக் கட்டுரை எழுதினார். ஆகவே மேடையில் யாராவது சர்வரோக நிவாரணி விற்றால் நீங்கள் டீ குடிக்கப் போகலாம். அங்கே நின்று பேசும் பக்கத்து மாவட்ட ஆசிரியரிடம் அதைவிட அதிகம் கிடைக்கும்.

1974-இல் தொடங்கிய எல்டாய், அதாவது இந்திய ஆங்கில ஆசிரியர் சங்கம், மாநாடுகள் நடத்துகிறது. அடுத்த முறை உங்கள் வகுப்பனுபவத்தையே ஒரு கட்டுரையாக்கி அனுப்புங்கள். ‘ஆன் டியூட்டி’ கிடைக்குமா என்று தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.