டெக்சஸில் மான் வேட்டைக்குப் போகிறீர்களா? புறப்படுமுன் சில பயனுள்ள குறிப்புகள்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நிலைமை வேறு. அங்கே வெள்ளைவால் மான்கள் 50 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஓநாய்கள் அற்றுப்போன அந்த மண்ணில் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் இளஞ்செடி ஒன்றும் மிஞ்சாது. பஞ்ச காலத்தில் மான்களும் பட்டினியால் சாகும். அதனால் வேட்டையை அரசே முறைப்படுத்தி அனுமதிக்கிறது. மாநிலத்தில் சுமார் 95 சதவீத நிலம் தனியாருடையது என்பதால், வேட்டை பெரும்பாலும் யாரோ ஒருவரின் ரான்ச்சில்தான் நடக்கும். ஆஸ்டின், டாலஸ், ஹூஸ்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கும் அலுவலக நண்பர்களிடமிருந்து இந்த அழைப்பு வருகிறது. போவதென்று முடிவு செய்தால் நில உரிமையாளருக்கும் மானுக்கும் மரியாதை குறையாமல் போய் வர வேண்டும். அதற்கான குறிப்புகள் இவை.

1. முதல் வேலை, பாடம் படிப்பது. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டையாட, வேட்டைக் கல்விச் சான்றிதழ் பெற வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் முழுப் பாடத்தையும் இணையத்திலேயே முடிக்கலாம். ஆனாலும் முடிந்தால் நேரடி வகுப்புக்குப் போங்கள். துப்பாக்கியைக் கையில் வாங்குவது, மற்றவரிடம் கொடுப்பது, வேலியைத் தாண்டும்போது எங்கே வைப்பது என்பதையெல்லாம் திரையில் பார்த்துப் பழக முடியாது.

2. வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவும். குடியேறாதோர் விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே உரிமம் கைக்கு வரும்வரை நண்பரின் ரைஃபிளை, ‘சும்மா ஒரு முறை’ என்றுகூடத் தொட வேண்டாம். உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். விசா சம்பந்தப்பட்ட விஷயத்தில் நண்பர்களின் ஆலோசனை போதாது.

3. உரிமத்தின் ஆண்டு செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. ரைஃபிளுக்கான பொதுப் பருவம் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். முடியும் நாள் வடக்கு, தெற்கு மண்டலங்களுக்கு வேறுபடும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்புவரைதான் சுடலாம். நூற்றுக்கும் மேற்பட்ட கவுன்ட்டிகளில் ஆண் மானின் கொம்புக்கும் அளவு வரையறை இருக்கிறது. டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் கையேட்டில் நீங்கள் போகும் கவுன்ட்டியின் பக்கத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருட நினைவை நம்பிப் போகக் கூடாது.

4. உரிமையாளரிடம் பேச வேண்டியதை வேட்டைக்கு ஒரு மாதம் முன்பே பேசி, எழுத்தில் வாங்குங்கள். எந்தெந்த நாட்கள்? எத்தனை மான், ஆணா பெண்ணா? எந்த பிளைண்டில் (மறைந்திருந்து சுடும் கூண்டில்) உட்காரலாம்? வண்டி எதுவரை போகலாம்? குடும்பத்தாரை அழைத்து வரலாமா? தீ மூட்டலாமா? மானின் குடலை எங்கே போட வேண்டும்? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. மாட்டுத் தொட்டி அருகே குடலைப் போட்டுவிட்டு வந்தவரை மறு வருடம் யார் அழைப்பார்கள்? பணம் கொடுத்து லீஸ் எடுப்பதானால், வேட்டை லீஸுக்கான மாநில உரிமம் உரிமையாளரிடம் இருக்க வேண்டும், தயங்காமல் கேளுங்கள். பெரும்பாலான ரான்ச்சுகளில் பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். படித்துப் பார்த்துப் போடுங்கள்.

5. எல்லையைப் பகல் வெளிச்சத்தில், உரிமையாளருடன் நடந்தே பார்த்துவிடுங்கள். மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறத்தில் நெட்டுக்கோடு தெரிந்தால், அதைத் தாண்டி நுழையக் கூடாது என்று அர்த்தம். டெக்சஸ் சட்டத்தில் அந்தக் கோட்டுக்கு அறிவிப்புப் பலகையின் மதிப்பு உண்டு. நீங்கள் தாண்டாமல் தோட்டா மட்டும் தாண்டினாலும், அந்தப் பக்கத்து உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாவிட்டால் குற்றம்தான். அடிபட்ட மான் வேலி தாண்டி ஓடிவிட்டால், அனுமதி கேட்காமல் பின்னால் போக முடியாது. பக்கத்து நிலத்துக்காரரின் தொலைபேசி எண்ணை முன்னதாகவே வாங்கி வைத்தால், இருட்டும் நேரத்தில் அலைய வேண்டியிருக்காது.

6. கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சூடான புகைக்குழாய் தீப்பிடிக்க வைத்துவிடும்.

7. துப்பாக்கிக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாக்களால் மானைச் சுட டெக்சஸில் அனுமதி இல்லை. .243 வின்செஸ்டர், .270, .308 ஆகியவை வெள்ளைவால் மானுக்குத் தாராளமாகப் போதும். புதிதாகப் பழகுபவர்களுக்கு .243 நல்லது. தோளில் உதை குறைவு. உதைக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் வராது. தோட்டாவில் மட்டும் செம்பைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். ஈயத் தோட்டா உடைந்து சிதறும் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் கறிக்குள் தங்கிவிடும். குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

8. ஸ்கோப் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் காட்டுக்குப் போவது பாவம். வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை. குறி தவறினால் மான் அங்கேயே விழாது; வயிற்றில் காயத்தோடு எங்கோ போய் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். வேட்டைக்குப் போகும் அதே தோட்டாவை, அதே நிறுவனம், அதே எடையில் வாங்கி, சுடுதளத்தில் 100 யார்டு தூரத்தில் மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மூன்றுக்கும் இடையே குழலை ஆறவிடுங்கள். காதடைப்பானும் கண்ணாடியும் கட்டாயம். மேசையில் வைத்துச் சுடுவதோடு நிறுத்தாமல், நாற்காலியில் உட்கார்ந்து தாங்குகோல் மேல் வைத்தும் பழகுங்கள், பிளைண்டில் அப்படித்தான் சுட வேண்டியிருக்கும். எவ்வளவு தூரம்வரை உங்கள் குறி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் தவறாமல் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. மற்றவர்கள் எவ்வளவு தூரத்தில் சுட்டார்கள் என்பது உங்களுக்குத் தேவையில்லை.

9. தனியார் நிலத்தில் ஆரஞ்சு உடையைச் சட்டம் வற்புறுத்துவதில்லை. இருந்தாலும் ஆரஞ்சுத் தொப்பியும் மேலங்கியும் அணியுங்கள். மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் பளிச்சென்று தெரியாது. மனிதக் கண்ணுக்குத் தெரியும். நீலத்தை மான் நன்றாகவே பார்க்கும் என்பதால் ஜீன்ஸ் வேண்டாம். வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்த சலவைத்தூளும் வேண்டாம். அதில் துவைத்த துணி மானின் கண்ணுக்கு மின்னும்.

10. வாசனை விஷயத்தில் நம் வீடுகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. தாளிப்பு வாசமும் ஊதுபத்தி வாசமும் துணியில் ஊறிவிடும். வேட்டை உடைகளை வாசனையற்ற சோப்பில் துவைத்து, வெளியே காயவைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் கராஜில் வையுங்கள். ரான்ச்சுக்குப் போனபின் அணிந்தால் போதும். அன்று தலைக்கு எண்ணெயும் முகத்துக்குப் பவுடரும் வேண்டாம். இத்தனை செய்தாலும், காற்று உங்களிடமிருந்து மான் இருக்கும் திசைக்கு அடித்தால் எல்லாம் வீண். பிளைண்டைக் காற்றின் போக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

11. டெக்சஸில் நவம்பரிலும் உண்ணி இருக்கும். லோன் ஸ்டார் உண்ணி கடித்தால் சிலருக்கு மாடு, ஆடு, மான் என்று எந்தக் கறியும் ஒத்துக்கொள்ளாத ஆல்ஃபா-கால் ஒவ்வாமை வந்துவிடுகிறது. கால்சட்டை, சாக்ஸ், காலணி மீது பெர்மெத்ரின் தெளித்து, வெளியிலேயே நன்றாக உலர்த்தி அணியுங்கள். தோலில் பூசக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால், ஈரம் காயும்வரை அதைக் கிட்டே விடாதீர்கள். பாம்பு நடமாட்டம் உள்ள இடமென்றால் முழங்கால்வரை மூடும் பாம்புக் காப்புறை வாங்கிவிடுங்கள்.

12. முதல் முறை போகிறவர்கள் தரையில் இருக்கும் பெட்டி பிளைண்டையே கேளுங்கள். உள்ளே நுழையுமுன் டார்ச் அடித்து, குச்சியால் தட்டிப் பாருங்கள். குளவிக் கூடு, தேள், பாம்பு எது வேண்டுமானாலும் இருக்கலாம். மரத்தில் கட்டிய ஸ்டாண்டில்தான் ஏற வேண்டும் என்றால், முழு உடல் பாதுகாப்புப் பட்டையைத் தரையிலேயே மாட்டிக்கொண்டு ஏறுங்கள். துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டு ஏறாமல், தோட்டாவை எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

13. சிப்ஸ் பொட்டலம் கசங்கும் சத்தம் மானுக்கு எச்சரிக்கை மணி. மிளகாய்ப்பொடி தடவாத இட்லி, வாழைப்பழம், ஃபிளாஸ்க்கில் தண்ணீர் போதும்.

14. ரான்ச்சுக்குள் கைபேசி சிக்னல் கிடைப்பது அரிது. வரைபடத்தை முன்பே கைபேசியில் இறக்கி வையுங்கள். கேட் இருக்கும் சாலை, கவுன்ட்டியின் பெயர், பிளைண்டின் அட்சரேகை தீர்க்கரேகை, திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதி ஒரு தாளை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். 911-ஐ அழைக்க வேண்டி வந்தால் அந்தத் தாள்தான் வழி காட்டும். முதலுதவிப் பெட்டியில் ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே பட்டை ஒன்று இருக்கட்டும். கட்டும் முறையைப் பழகியும் வையுங்கள்.

15. சுடும் நேரத்துக்கான முடிவையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது சற்றே அப்பால் திரும்பி நிற்க வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பகுதிதான் குறி. இதயமும் நுரையீரலும் அங்கே இருக்கின்றன. நேர் எதிரே நிற்கும் மான், ஓடும் மான், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு மேட்டு விளிம்பில் நிற்கும் மான், பின்னால் இன்னொரு மான் நிற்கும் மான், இவற்றில் எதையும் சுட வேண்டாம். ரைஃபிள் தோட்டா இரண்டு மைலுக்கு மேலும் பாயக்கூடியது. பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்தபின்தான் விரல் விசைக்குப் போக வேண்டும். ஸ்கோப்பைத் தொலைநோக்கியாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். புதருக்குள் அசைவது ஆளா மானா என்று பார்க்கத் தனியாக பைனாகுலர் வையுங்கள்.

16. சுட்டதும் ஓடிப் போகாதீர்கள். மான் நின்ற இடத்தையும் ஓடிய திசையையும் மனதில் பதித்துக்கொண்டு, அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். விரட்டினால் அடிபட்ட மான் இன்னும் தொலைவு ஓடும். கண்டெடுத்தவுடன் உரிமத்தோடு வரும் டேக்கை விதிப்படி நிரப்பி மானில் கட்டுவது சட்டம். பேனாவும் கயிறும் பையிலேயே இருக்கட்டும். டிஜிட்டல் உரிமம் எடுத்தவர்கள் அதற்குரிய முறையை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

17. கறி கெடுவது பெரும்பாலும் சூட்டால். டெக்சஸில் நவம்பர் மதியங்கள் நம் ஊர் மார்கழியைவிடச் சூடாக இருக்கலாம். குடலைத் தாமதமின்றி எடுத்து, கறியை 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். கூர்மையான சிறு கத்தி, நீளமான கையுறை, சுத்தமான துணி, இரண்டு பெரிய ஐஸ் பெட்டி, நினைப்பதைவிட இரண்டு மடங்கு ஐஸ் ஆகியவற்றை வண்டியில் ஏற்றிய பிறகு துப்பாக்கியை ஏற்றுங்கள். பெட்டியின் வடிகால் மூடியைத் திறந்து, சற்றுச் சாய்த்து வைத்தால் உருகிய தண்ணீர் வெளியேறிவிடும். தண்ணீரில் ஊறிய கறி வெளுத்துச் சுவை இழக்கும்.

18. மான்களின் மூளையைத் தாக்கும் சிடபிள்யூடி என்ற நோய் டெக்சஸில் 2012-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் இருப்பதாகத் தெரிந்த மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை. சமைத்தாலும் அந்த நோய்க்கிருமிப் புரதம் அழியாது. நோய் காணப்பட்ட மண்டலமென்றால் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் தனியே வையுங்கள். மூளை, தண்டுவடம், நிணநீர்க் கட்டி இருக்கும் பகுதிகளை எப்போதும் ஒதுக்குங்கள். தலைக்கறி ஆசை இங்கே வேண்டாம்.

19. மான்கறியில் கொழுப்பு குறைவு. இருக்கும் கொழுப்பும் மெழுகுபோல் நாக்கில் ஒட்டும். அதையும் வெள்ளைச் சவ்வையும் சுத்தமாகச் சீவிவிட்டு, தயிரில் ஒரு இரவு ஊறவையுங்கள். தொடைக்கறியைக் குக்கரில் குழைய வேகவைத்து, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு மிளகு வறுவல் செய்தால் நன்றாக இருக்கும். கொத்துக்கறியானால் உள்ளே 71 டிகிரி வரும்வரை வேக வேண்டும்.

20. சிறிய பெண் மான் ஒன்றிலேயே எலும்பு நீக்கி 10 கிலோவுக்கு மேல் கறி தேறும். உரிமையாளருக்கு முதல் பங்கைக் கொடுங்கள். மிகுதியானால், ‘ஹன்டர்ஸ் ஃபார் தி ஹங்ரி’ திட்டத்தில் சேர்ந்த கறிக்கூடங்கள் வாங்கி, பசித்தவர்களுக்கு உணவு வழங்கும் அமைப்புகளுக்கு அனுப்பிவிடும். வீட்டு ஃப்ரீசரிலும் இடமில்லை, கொடுக்கவும் ஆளில்லை என்றால், உரிமத்தில் டேக் மிச்சம் இருந்தாலும் இரண்டாவது மானைச் சுடாதீர்கள்.