பிள்ளையின் தூக்கமும் தன்னடக்கமும்



விளக்கேற்றும் வேளை தாண்டியதும் சில வீடுகளில் ஓர் அமளி தொடங்குகிறது. மூன்று வயதுப் பிள்ளை சோற்றுத் தட்டைத் தள்ளுகிறது, தம்பியை அடிக்கிறது, ஒன்றுமில்லாத காரியத்துக்குத் தரையில் விழுந்து புரளுகிறது. "அடம் பிடிக்கிறது, அடித்துத்தான் திருத்தவேண்டும்" என்று தகப்பனார் கையை ஓங்குகிறார். கையை ஓங்குமுன் ஒரு கேள்வி கேட்பது நலம்: இந்தப் பிள்ளை நேற்று எத்தனை மணி நேரம் தூங்கிற்று?

தன்னடக்கம் என்பது என்ன? கேட்டது கிடைக்காதபோது பொறுத்திருப்பதும், கோபம் வரும்போது கையை அடக்குவதும், தொடங்கியதை விடாமல் முடிப்பதுமே. இது பிறக்கும்போதே நிறைவாய் வருவதன்று. இதற்கு ஆதாரமான மூளையின் முன்பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி அடைகிறது. சிறு பிள்ளையிடம் உள்ள கொஞ்ச வலிமையும் தூக்கம் குறைந்தால் தளர்ந்துபோகிறது. தூக்கம் கெட்ட பெரியவர் சோர்ந்து உட்காருவார். பிள்ளையோ பல சமயம் ஓடும், கத்தும், சிணுங்கும். ஆகையால் "இதற்குத் தூக்கமே வரவில்லை" என்று நாம் ஏமாந்துபோகிறோம்.

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோனிக் லெபூர்ஷுவா என்பவரும் அவருடைய துணைவர்களும் இதைச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். இரண்டரை முதல் மூன்று வயதுள்ள சில பிள்ளைகளுக்குப் படத்துண்டுகளைப் பொருத்தும் விளையாட்டைக் கொடுத்தார்கள். ஒரு நாள் மத்தியானத் தூக்கத்துக்குப் பின்னும், வேறொரு நாள் அத்தூக்கம் இல்லாமலும் அதே பிள்ளைகள் விளையாடினார்கள். தூங்காத நாளில், படத்தை முடித்தபோது அவர்கள் முகத்தில் மகிழ்ச்சி குறைந்திருந்தது. முடிக்க இயலாத படத்தைக் கண்டபோது சினமும் வருத்தமும் மிகுந்தன. பிள்ளை அதே பிள்ளைதான். தவறியது ஒரு பகல் தூக்கம் மட்டுமே.

அதே 2012-ல் கனடா நாட்டிலும் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. 7 முதல் 11 வயதுள்ள பிள்ளைகளில் ஒரு பிரிவினர் ஐந்து இரவுகள் வழக்கத்தைவிட ஏறக்குறைய அரைமணி நேரம் அதிகமாகவும், மறு பிரிவினர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைவாகவும் தூங்கினார்கள். எவர் எந்தப் பிரிவு என்றறியாத ஆசிரியர்களே, முதற்பிரிவினர் அமைதியடைந்ததையும் மற்றவர்கள் பொறுமையிழந்ததையும் கண்டு குறித்தார்கள்.

எவ்வளவு தூக்கம் வேண்டும்? பகல் தூக்கமும் சேர்த்து, 1, 2 வயதில் 11 முதல் 14 மணி நேரம். 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையலாகாது.

இனிச் செய்யவேண்டியவை:

முதலாவது, படுக்கும் நேரம் தினமும் ஒன்றாயிருக்கட்டும். கைகால் கழுவுதல், ஜெபம், ஒரு கதை, விளக்கணைத்தல் என்ற வரிசையும் மாறாதிருக்கட்டும்.

இரண்டாவது, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே டெலிவிஷனையும் செல்போனையும் நிறுத்துங்கள். பலத்த வெளிச்சம், தூக்கத்தை வருவிக்கும் மெலடோனின் என்ற சுரப்பைச் சிறு பிள்ளைகளிடம் வெகுவாய்க் குறைத்துவிடுகிறது.

மூன்றாவது, களைத்த பிள்ளைக்கு இரவில் புத்தி சொல்லாதீர்கள், படுக்க வையுங்கள். தவறைத் தவறென்று காலையில் சொல்லுங்கள். அப்போதுதான் அது காதில் ஏறும்.

நான்காவது, இரவுதோறும் குறட்டை விடும் பிள்ளையையும், வாயால் மூச்சுவிட்டுத் தூங்கும் பிள்ளையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லா அடமும் தூக்கக் குறைவால் வருவதன்று, கண்டிப்பும் வேண்டியதே. ஆனால் பசித்த பிள்ளையை, அழுகிறாய் என்று அடிப்பது நீதியாகுமா? தூக்கத்துக்கு ஏங்கும் பிள்ளையை அடிப்பதும் அப்படித்தான். இந்த வாரம் ஏழு இரவுகள் பிள்ளையை அரைமணி நேரம் முன்னதாகப் படுக்க வைத்துப் பாருங்கள். அதற்கு முதலில் பெரியவர்கள் நாம் டெலிவிஷனை நிறுத்தவேண்டியிருக்கும். பிள்ளையின் தன்னடக்கம் நம்முடைய தன்னடக்கத்திலே தொடங்குகிறது.