பழைய எம்.ஜி.பி.யைக் கையில் எடுத்திருக்கும் தம்பிக்கு



1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்றை விலைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய் என்னும் செய்தி எனக்கு மிகுந்த சந்தோஷம் அளித்தது. ஆனால் இன்னும் ஒரு நட்டைக்கூடக் கழற்றாத நிலையில், அந்த வண்டியில் நீ மாற்றப்போகும் பொருள்களின் ஜாபிதா கடிதத்தின் அடுத்த பக்கத்திலேயே இடம்பெற்றிருந்தது எனக்குச் சிறிது கவலையையும் அளித்தது. ஐந்து கியர் உள்ள புதிய கியர்பாக்ஸ், வெபர் கார்புரேட்டர், தடித்த ஸ்பிரிங்குகள், டெலஸ்கோப்பிக் ஷாக் அப்சார்பர் ஆகிய இவையெல்லாம் நல்ல பொருள்களே. இவற்றின்மேல் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆயினும், அபிங்டன் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த காலத்தில் அந்த வண்டி எவ்விதம் ஓடிற்று என்பதை உன் கையும் காலும் அறிந்துகொள்ளும் வரையில் அந்த ஜாபிதாவை மேஜைக்குள் பூட்டிவைத்துவிடு என்பதே நான் உனக்குச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம். இனி எழுதப்போவதெல்லாம் அதற்கான காரணங்களே.

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கேயுள்ள அபிங்டன் என்னும் சிற்றூரில், ஸிட் எனெவர் என்னும் பொறியாளரின் மேற்பார்வையில் உருவாகி, 1962இல் விற்பனைக்கு வந்து, 1980இல் அந்தத் தொழிற்சாலை மூடப்படும் வரை ஐந்து லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட வண்டி அது. அத்தனை ஜனங்கள் வாங்கி ஓட்டிய ஒரு வண்டி, அதன் பிறப்பிலேயே தள்ளாடுவதாகவும், இழுப்பதாகவும், பிரேக் பிடிக்காததாகவும் இருந்திருக்க முடியுமா என்று சற்று யோசித்துப் பார். இன்று அதை ஓட்டிப் பார்க்கிறவர் குறை என்று எண்ணுவதில் பெரும்பகுதி அமைப்பின் குறை அன்று. அறுபது ஆண்டுத் தேய்மானமும், பராமரிப்பின்மையும், முந்திய சொந்தக்காரர்கள் அவசரத்தில் செய்துவைத்த ஒட்டுவேலைகளுமே. தேய்ந்த பொருளை முதலில் செம்மைப்படுத்தாமல், அதன்மேல் புதிய பொருளைச் சேர்த்துக்கொண்டே போனால், எந்த மாற்றத்தால் எந்தப் பலன் விளைந்தது என்று உனக்கே தெரியாமல் போய்விடும்.

முதலில் உடற்கூடு. இந்த வண்டிக்குத் தனியான சட்டம் கிடையாது. தகட்டாலான உடலேதான் சட்டம். மேலே கூரையும் இல்லாத திறந்த வண்டியாதலால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே அது தொய்ந்துவிடாமல் தாங்கி நிற்பவை, கதவுகளுக்கு அடியில் இருபுறமும் ஓடுகின்ற ‘சில்’ என்னும் பெட்டித் தகடுகள். வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் தகடு ஒன்று என்று மூன்று தகடுகள் சேர்ந்தே அந்தப் பலத்தைத் தருகின்றன. துரு உள்ளிருந்து பிடித்துக்கொண்டு வருவதால், வெளித்தகட்டில் ஒரு துளை தெரிகிற நாளில் நடுத்தகடு பெரும்பாலும் பொடியாகியிருக்கும். அவ்வாறு பொடியாகிப் போனதை வெட்டி எடுக்காமல், அதன்மேல் புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி, ஓரங்களில் வெல்டிங் வைத்து, பட்டி பூசி, பெயிண்டும் அடித்து விற்றுவிடும் வழக்கம் வெகுகாலமாக உண்டு; சீழ் பிடித்த புண்ணைச் சுத்தம் செய்யாமல் மேலே தோலைத் தைத்து மூடுவதற்கு நிகரான காரியம் அது. சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, சில் நெடுகிலும், சக்கர வளைவுகளின் ஓரத்திலும் நகர்த்திப் பார். காந்தம் பிடிப்பு விடுகிற இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். பின்பு பக்கவாட்டில் ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தில் வைத்து வண்டியைச் சிறிது தூக்கிக் கதவைத் திறந்து மூடு. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினாலோ, பூட்டு இடித்தாலோ, மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

சில்லை வெட்டுவதற்கு முன், கதவு வாசலின் குறுக்கே, கீல் நிற்கும் தூணிலிருந்து பூட்டு நிற்கும் தூண் வரையில் இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து இறுக்கிக்கொள்வது இன்றியமையாதது. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே சமயத்தில் வெட்டினவர்கள் வாழைப்பழம்போல் வளைந்த கூட்டை வைத்துக்கொண்டு திண்டாடியிருக்கிறார்கள். புதிய தகடுகளைக் கிளாம்பு போட்டு நிறுத்தி, கதவை மாட்டி, மூடித் திறந்து, இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே நிரந்தரமாக வெல்டிங் வை. வேலை முடிந்ததும் உள்ளே மெழுகு பீய்ச்சுகிற ஆர்வத்தில், அடியில் தண்ணீர் வடிவதற்கென்று விட்டிருக்கும் துளைகளை அடைத்துவிடாதே. உன் கூடு இவ்விதப் பிரயத்தனத்துக்கெல்லாம் அப்பாற்பட்டு அழிந்திருந்தாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனத்தார் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988 முதல் இந்த வண்டிக்கு முழு உடற்கூட்டையே புதிதாகச் செய்து தருகிறார்கள். தொழிற்சாலை மூடிய பின்னும் உடல் முழுவதும் புதிதாகக் கிடைக்கிற பழைய வண்டிகள் வெகு சிலவே. தனி மனிதன் ஒருவன் தன் கொட்டகையில் வைத்துச் செப்பனிடுவதற்கு இதைக்காட்டிலும் தகுந்தது வேறில்லை என்று நான் எண்ணுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உயிருக்கு ஆபத்தான சில விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதே. ஸ்டாண்டு வைத்து, தோளால் ஒரு முறை அசைத்துப் பார்த்த பிறகு போ. பழைய பிரேக் ஷூக்களிலும் பேடுகளிலும் கல்நார் இருந்திருக்கக்கூடும். ஆகவே டிரம்மைக் கழற்றியதும் அந்தத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல், நனைத்துத் துடைத்தெடு. காலியான பெட்ரோல் டாங்க் நிறைந்த டாங்கைக் காட்டிலும் கொடியது. அதன் அருகில் வெல்டிங் கூடாது. குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைத்தால் விஷவாயு எழும். இது பலருக்குத் தெரிவதில்லை.

கூட்டுக்கு அடுத்தது பிரேக். முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்மும் கொண்ட அந்த அமைப்பு, செம்மையாக இருந்தால், அந்த வண்டியின் எடைக்கும் வேகத்துக்கும் தாராளமாகப் போதும். மிதியை விட்ட பிறகும் ஒரு சக்கரம் இறுகியே நின்றால், காலிப்பரைக் குறை சொல்லுவதற்கு முன் ரப்பர் ஹோஸைப் பார். வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸ் உள்ளே ஊதிப்போய், அழுத்தி அனுப்பிய ஆயிலைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். மூன்று ஹோஸ்களையும் மாற்றிவிடு; செலவு சொற்பம்.

இனி இஞ்சினைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத எனக்கு ஆசை. 1,798 கன சென்டிமீட்டர் அளவுள்ள அந்த இஞ்சினின் பக்கத்தில் நிற்கும் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களை எடுத்தெறிந்துவிட்டு ஒற்றை வெபரை மாட்ட வேண்டும் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வாறு சொல்லுகிறவர்களில் அநேகர் எஸ்.யூ.வைச் சரியாக அமைத்துப் பார்த்தவர்கள் அல்லர். கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் வால்வ் கிளியரன்ஸ், பிளக், பாயிண்ட், டைமிங் இவை நான்கும் ஒழுங்காக வேண்டும். எட்டு வால்வுகளையும் ஒன்பது என்னும் கணக்கால் அமைக்கலாம்: முதல் வால்வ் முழுவதும் அழுந்தியிருக்கையில் எட்டாவதை அமை; மூன்றாவது அழுந்தியிருக்கையில் ஆறாவதை அமை; எந்த இரண்டையும் கூட்டினாலும் ஒன்பது வரும். இஞ்சின் குளிர்ந்திருக்கையில் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டுக்கும் அதே 15தான். ஃபீலர் கேஜின் தகடு லேசாக உராய்ந்துகொண்டு நகர வேண்டும்; இழுத்தால் சிக்கக் கூடாது.

அதன் பிறகு சாவியைத் திருப்பி, இஞ்சினைக் கிளப்பாமல், காது கொடுத்துக் கேள். பின்புறத்தில் உள்ள எஸ்.யூ. மின்சாரப் பம்பு டிக் டிக்கென்று அடித்து, கார்புரேட்டர்களின் மிதவை அறைகள் நிரம்பியதும் ஓய்ந்துவிட வேண்டும். ஓயாமல் அடித்தால் எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது, அல்லது டாங்கில் பெட்ரோல் இல்லை. இஞ்சின் நன்றாகச் சூடான பின், கார்புரேட்டரின் உடலுக்கு அடியில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு ஊசியை விரல் நுனியால் மெல்ல மேலே தள்ளி, உள்ளிருக்கும் பிஸ்டனை இம்மியளவு மட்டும் உயர்த்து. இஞ்சின் வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் கலவையில் பெட்ரோல் அதிகம். தடுமாறி நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் கூடி உடனே பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், ஒரு விரலாலும் ஒரு காதாலும் கலவையைக் கண்டறியும்படி அதை அமைத்திருக்கிறார்களே, அந்தச் சாமர்த்தியத்தை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இவ்வளவும் செய்தும் இஞ்சின் நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடவில்லையானால், திராட்டில் தண்டின் இரு முனைகளிலும் தேய்மானத்தால் காற்று புகுகிறதா என்று பார். அங்கே புதிய புஷ் போட்டால் தீர்ந்துபோகும் வியாதிக்காக எத்தனையோ நல்ல கார்புரேட்டர்கள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

மின்சார விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. 1967 வரையில் வந்த வண்டிகளில் பேட்டரியின் பாஸிட்டிவ் முனையே எர்த். இதை மறந்து இந்தக் காலத்து ரேடியோவையோ எலெக்ட்ரானிக் இக்னிஷனையோ இணைத்தால் அந்தப் பொருள் அக்கணமே கெட்டுப்போகும். வயர்களின் நிறங்களும் ஓர் ஒழுங்கில் அமைந்தவை: பழுப்பு நிற வயர் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமல் நேரே வருகிறது, பச்சை நிற வயர் ஃப்யூஸைக் கடந்து வருகிறது. பழுப்பு வயரில் உரசல் எங்கேனும் தென்பட்டால் அன்றைக்கே மாற்று, தீப்பிடிப்பது அங்கேதான்.

இவையெல்லாம் முடிந்து, ஒரு கோடைக்காலம் முழுவதும் ஓட்டின பிறகு, அந்த ஜாபிதாவை வெளியே எடு. அதில் பாதி தேவையில்லை என்று உனக்கே தோன்றும். முதல் கியரில் ஸின்க்ரோமெஷ் இல்லாததால்தான் வண்டி நகர்ந்துகொண்டிருக்கையில் அது கரகரக்கிறது, கியர்பாக்ஸ் கெடவில்லை என்று அறிவாய். லீவர் ஷாக் அப்சார்பர்களுக்கு ஆயில் நிரப்பிய பின், அல்லது செப்பனிட்டவற்றை மாட்டிய பின், வண்டி எவ்வளவு அமரிக்கையாகப் போகிறது என்பதையும் காண்பாய். நெடுஞ்சாலையில் இஞ்சின் இரைச்சல் அதிகம் என்று தோன்றினால், ஐந்து கியர் பாக்ஸைக் காட்டிலும் அந்தக் காலத்திலேயே விருப்பத்துக்கேற்பக் கொடுக்கப்பட்ட லேகாக் ஓவர்டிரைவே என் அபிப்பிராயத்தில் உத்தமம். மேல் கியரில் இஞ்சினின் சுழற்சியை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிடும்.

காலம் மாறியதால் அவசியமாகிவிட்ட மாற்றங்கள் வேறு. அவற்றைச் செய்யத் தயங்காதே. ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு தொடங்கியபோதே பொதுவிற்பனையிலிருந்து நின்றுவிட்டது. ஆகையால் ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய சீட் போட்டுவிடு. அதுவரையில் கிளியரன்ஸ் தானே குறைந்துகொண்டு வருகிறதா என்று கவனித்து வா. 2021 முதல் சாதாரணப் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு வரை எத்தனால் இருக்கலாம் என்பதால், பழைய பெட்ரோல் ஹோஸ்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்று.

பலத்தைக் கூட்டும் ஆசை வரும்போது மட்டும் ஒரு சரித்திரத்தை நினைவில் வை. ரோவர் நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் அலுமினிய இஞ்சினை எம்.ஜி.பி.க்குள் வைக்கலாம் என்பதைத் தொழிற்சாலைக்கு முன்பே செய்து காட்டி விற்றவர் கென் காஸ்டெல்லோ. பின்பு 1973இல் தொழிற்சாலையாரும் அந்த 3,528 கன சென்டிமீட்டர் இஞ்சினைக் கூரையுள்ள ஜி.டி. வகை எம்.ஜி.பி.யில் வைத்தார்கள். ஆனால் இஞ்சினை மட்டும் மாற்றி அவர்கள் நிறுத்திவிடவில்லை. பின் அச்சின் விகிதத்தை 3.9லிருந்து 3.07க்கு மாற்றி, முன் பிரேக் டிஸ்க்குகளைத் தடிப்பாக்கி, கியர்பாக்ஸை அதற்கேற்ப மாற்றி, ஸ்பிரிங்குகளையும் வலுப்படுத்தினார்கள். ஒரு பொருளின் பலத்தைக் கூட்டுகிறபோது அதற்கு அடுத்தடுத்து நிற்கும் ஒவ்வொன்றும் தன் பங்கைக் கேட்கும். அந்தக் கணக்கைக் கடைசி வரை போட்டுப் பார்த்து, பணமும் பொறுமையும் அதுவரையில் எட்டும் என்றால் செய். எது செய்தாலும் உடலில் புதுத் துளை போடாமல், பின்னால் வருகிறவர் பழையபடி திருப்பக்கூடியதாகச் செய். கழற்றிய பொருளுக்குச் சீட்டுக் கட்டி மேல் பரணில் வை. பிரிட்டனில் நாற்பது ஆண்டு கடந்த வண்டிக்கு வருடாந்தரப் பரிசோதனையிலிருந்து 2018 முதல் அளிக்கப்பட்டிருக்கும் விலக்கு, சிலிண்டர் எண்ணிக்கை வேறான இஞ்சினைப் போன்ற பெரிய மாற்றங்களால் போய்விடக்கூடும் என்பதையும் மறவாதே. விலக்கு இருந்தாலும் பரிசோதனைக்குக் கொண்டுபோகவே நான் சொல்லுவேன். நாம் செய்த வேலையை வேறொருவருடைய கண் பார்ப்பதில் லாபம் உண்டே ஒழிய நஷ்டம் இல்லை.

கடைசியாக ஒன்று. உன் வண்டியின் டயர்கள் பார்வைக்குப் புதியவைபோல் இருப்பதாக எழுதியிருந்தாய். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் ஆண்டு. மூன்று இலக்கமே இருந்தால் அது 2000க்கு முந்தியது, யோசிக்காமல் தள்ளிவிடு. கம்பிச் சக்கரமாதலால் உள்ளே டியூபும் புதிதாக வேண்டும். ஐந்து டயர்களின் எண்களையும், ஸ்டெப்னியை விடாமல், எழுதி அனுப்பு. அவற்றைப் பார்த்த பிறகு, சக்கரங்களின் பல்வரிசைத் தேய்மானத்தை எவ்வாறு சோதிப்பது என்று எழுதுகிறேன்.

உன் நலம் நாடும்,
ஒரு பழைய தொழிலாளி