மோட்டாரை மாற்றும் முன்

கார் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டால் "மோட்டார் போயிடுச்சு" என்பதே பலருக்கும் முதலில் தோன்றுகிறது. கண்ணாடியை ஏற்றி இறக்குவது அதுதான் என்பதால் பழியும் அதன்மேல் விழுகிறது. ஆனால் பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச், கனெக்டர் எல்லாம் தாண்டித்தான் மோட்டாரைத் தொடுகிறது. இந்த வழியில் மிகவும் அடிபடும் இடம், கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் உறைக்குள் போகும் வயர்க்கட்டு. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அது மடங்கி நிமிர்கிறது. மேலுறை முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கலாம். கதவை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால் மட்டும் கண்ணாடி இறங்குகிறதா? அப்படியானால் சந்தேகம் முதலில் அந்த வயர்மேல்தான் விழ வேண்டும். புது மோட்டார் வாங்கிப் போட்டாலும் அந்தக் கோளாறு தீராது. பொருளை மாற்றும் முன் அது வரைக்குமான வழியைச் சோதித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. சுவிட்சை அழுத்தும்போது உள்விளக்கு லேசாக மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது கோளாறு மோட்டாரிலோ, கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரிலோ, கண்ணாடியின் தடத்திலோ இருக்கும். இறங்கும்போது சரளமாகவும் ஏறும்போது முக்கி முனகியும் போனால், தடத்தின் ரப்பர் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் போதும். கிரீஸ் வேண்டாம், புழுதியைப் பிடித்துவைக்கும், ரப்பரையும் கெடுக்கும். விளக்குக்கும் இதே முறைதான்: ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மங்கினால், அதை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்கின் எர்த் பின்னிலும் மறுமுனையை பேட்டரியின் மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டில் துருவோ களிம்போ ஏறியிருக்கக்கூடும். உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிப் பாருங்கள்.

கதவை மூடிய பிறகும் 'கதவு திறந்திருக்கிறது' என்ற விளக்கு அணையாமல் இருப்பதும் இதே கதைதான். பல கார்களில் அந்தச் செய்தியைத் தருவது லாட்ச்சுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச். கதவைத் திறந்து வைத்து, லாட்ச்சின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளிப் பூட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று முறை தள்ளிய பிறகே விளக்கு அணைந்தால் அழுக்குதான் காரணமாக இருக்கும். சுத்தம் செய்து வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். கதவை மூடுமுன் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவிக்க மறக்காதீர்கள்.

இன்றைய கார் கம்ப்யூட்டரால் ஓடுகிறது, வீட்டில் கை வைக்கலாமா என்பது நியாயமான கேள்வி. அந்தக் கம்ப்யூட்டரும் இதே சுவிட்சையும் வயரையும் நம்பித்தான் முடிவெடுக்கிறது, ஆகவே இந்தச் சோதனைகள் இப்போதும் பொருந்தும். ஆனால் எல்லை உண்டு. மஞ்சள் நிறக் கனெக்டர் பொதுவாக ஏர்பேக்குக்கு உரியது. அதைத் தொடவே கூடாது. வாரண்டி உள்ள காரில் வயரை வெட்டி ஒட்டக் கூடாது. 15 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று 30 போடவே கூடாது. ஃப்யூஸுக்குப் பதில் வயர் எரியும். கதவின் உள்பேடைக் கழற்றுவதென்றால் பேட்டரியின் மைனஸை எடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். திரும்ப மாட்டியதும் கண்ணாடி ஒரே தொடலில் மேலே ஏறாமல் போகலாம். பல கார்களில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில விநாடி பிடித்திருந்தால் அது பழையபடி வேலை செய்யும்.