குறிஞ்சிப்பாடியும் எளியோர் மனையும்

பாடி என்னும் சொல் மக்கள் கூடி உறையும் இடத்தைக் குறிப்பது. ஆயர் உறைந்த இடம் ஆயர்பாடி. படை தங்கிய இடம் பாடிவீடு. நம் கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடியும் அவ்வகையிற் பெயர் பெற்றதோர் ஊரே. இவ்வூரில் எளிய மக்கட்கு வீடமைக்கும் முயற்சியைப் பற்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என வினவுவார் உளர். அன்னார் பெரும்பாணாற்றுப்படையை ஒருமுறை நோக்குவாராக. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நூலில் எயினர் குடிலையும், வலைஞர் குடிலையும், உழவர் மனையையும் வெவ்வேறாகக் காட்டுகின்றார். உழவர் மனையிலே வண்டியின் உருளையையும் கலப்பையையும் சார்த்திச் சார்த்திச் சுவர் தேய்ந்திருந்தது என்பதையும் அவர் விடாது குறிக்கின்றார். ஒருவன் உறையும் இடமும் அவன் தொழிற்கருவி இருக்கும் இடமும் அக்காலத்தே ஒன்றாகவே இருந்தன என்பது இதனாற் பெறப்படும். குறிஞ்சிப்பாடியில் இன்றும் அஃது அவ்வாறே உள்ளது.

இவ்வூர் கைலி நெசவுக்குப் பேர்போனது. நெசவாளர் தெருக்களில் விடியற்காலையிற் செல்வார் தெருவின் நீளத்திற்குப் பாவு விரித்திருத்தலைக் காணலாம். உள்ளே சென்றால் வீட்டின் நடுவே குழித்தறி. தறியின் மிதிகள் தரையினுள் தோண்டிய குழியில் இருக்க, நெய்பவர் குழியின் விளிம்பில் அமர்ந்து காலால் மிதித்துக் கையால் நாடா ஓட்டுவார். அடைமழையில் அக்குழியில் நீர் ஊறும்; ஊறினால் தொழில் நின்றுவிடும். 2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் தானே என்னும் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது இம்மாவட்டத்தில் கூரை வீடுகள் பட்ட பாட்டை எம் பெற்றோர் இன்றும் கூறுவர். நான்கு ஆண்டு கழிந்து, 2015இல் பெருவெள்ளம் வந்தது. ஓலைக் கூரையும் மண்சுவரும் இந்நாட்டிற்கு ஏற்றவை எனப் புகழ்ந்து எழுதுவோர் அவ்விரண்டு ஆண்டுகளிலும் ஈண்டு வந்து தங்கியிருந்தாரல்லர்.

ஆதலின் உறுதியான வீடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. 2015ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் நடுவண் அரசு நகரங்கட்கான வீட்டுத் திட்டத்தைத் தொடங்கி, 2022ஆம் ஆண்டிற்குள் அனைவர்க்கும் வீடு என்று குறிக்கோள் வகுத்தது. குறித்த ஆண்டு கடந்தும் பணி முடியாமையின் காலம் நீட்டிக்கப்பட்டது. 2024இல் இரண்டாம் கட்டமும் தோன்றிற்று. முதற்கட்டத்தில் தம் மனையில் தாமே கட்டிக்கொள்வார்க்கு நடுவண் அரசு ஒன்றரை இலட்சம் ரூபாயும் தமிழ்நாட்டரசு 60,000 ரூபாயும் உதவின. ஊர்ப்புறங்கட்கோ வேறு திட்டம். 2024இல் தமிழ்நாட்டரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் என்பது 2030ஆம் ஆண்டிற்குள் ஊரகப் பகுதிகளில் 8 இலட்சம் வீடுகள் கட்டுதலைக் குறிக்கோளாகக் கொண்டது. வீடொன்றிற்கு மூன்றரை இலட்சம் ரூபாய், பரப்பு 360 சதுர அடி.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. குறிஞ்சிப்பாடி பேரூராட்சி, ஆதலின் நகரத் திட்டத்தின்பாற் படும். அதனைச் சூழ்ந்த சிற்றூர்கள் ஊராட்சிகள். அவை ஊரகத் திட்டத்தின்பாற் படும். எல்லைக் கோட்டின் இப்புறத்தாரும் அப்புறத்தாரும் ஒரே கடையிற் சிமெண்டு வாங்குகின்றனர், ஒரே கொத்தனாரை அழைக்கின்றனர், கூலியும் ஒன்றே. உதவித்தொகை மட்டும் ஒன்றன்று. சிறு நகரம் என்பது பெயரளவில் நகரமாயும் வருவாயளவில் ஊராயும் இருத்தலின் வரும் இடர் இது.

இனி, பரப்பைப் பற்றிச் சிறிது விரிப்பாம். நகரத் திட்டத்தின் முதற்கட்டத்தில் நலிந்தோர் வீட்டின் உட்பரப்பு 30 சதுர மீட்டர் வரை இருக்கலாம் என வகுக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 323 சதுர அடி. நெடுநல்வாடையில் நூலறி புலவர் கயிறிட்டு மனை வகுத்தமை கூறப்படுகின்றது. யானும் இவ்வூரில் என் வகுப்பு நண்பரது இல்லத்தில் ஒரு விடுமுறை நாளிற் கயிறிட்டுத் தறியை அளந்தேன். நண்பர் நகைத்தார், அவர்தம் தந்தையார் நகைக்கவில்லை. நெய்வார் இருக்கையும் முன்னே நீளும் பாவும் உட்பட நீளம் 10 அடி, அகலம் 7 அடி. அருகே அன்னையார் தார் சுற்றும் இராட்டைக்கும் நூற்சிட்டத்திற்கும் 20 அடி விடுக. எஞ்சுவதில் அடுக்களை, கழிவறை, ஐவர் படுக்கை ஆகிய யாவும் அடங்கல் வேண்டும். "வீடு பெரிதாகுமா, தம்பி?" என்று அவர் என்னை வினவினார். கணக்கை மட்டும் சொன்னேன்.

இவ்விடரை அரசு அறியாததன்று. 1985–86ஆம் ஆண்டிலேயே கைத்தறியாளர்க்கு வீடும் தறிக்கூடமும் சேர்த்துக் கட்டும் திட்டம் ஒன்று நடுவண் அரசாற் கொண்டுவரப்பட்டது. தறிக்கு இடம் வேண்டும் என்னும் உண்மை அன்றே எழுத்தில் ஏறியது. ஆயினும் இத்தனை வீடு என எண்ணும் பொதுத் திட்டங்களில் தறியுள்ள வீடும் ஒன்று, தறியில்லா வீடும் ஒன்றே.

அடுக்குமாடி கட்டின் நிலம் மிச்சமாகும் என்பர் சிலர். மனையே இல்லாதார்க்கு அது நல்வழியாகலாம். ஆனால் இரண்டாம் மாடியிற் குழி தோண்டுவது எங்ஙனம்? அருகிலுள்ள நெய்வேலியை எடுத்துக்காட்டுவாரும் உண்டு. அந்நகரியம், 1956இல் தோன்றிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் தன் ஊழியர்க்காக வகுத்தமைத்தது. ஆங்குத் தொழில் சுரங்கத்தில், உறக்கம் வீட்டில். நெசவாளர்க்கோ இரண்டும் ஒரே கூரையின்கீழ்.

தொகையினும் பரப்பினும் முந்தியது பட்டா. தம் மனையிற் கட்டுவார்க்கே உதவி கிடைக்குமாதலின், நீர்நிலைப் புறம்போக்கில் தலைமுறையாக வாழ்வார், எத்துணை வறியராயினும், பட்டியலுட் புகுதல் அரிது. அவர்க்கு வேண்டுவது முதலில் மாற்று மனையே. பட்டா உடையார்க்கும் தொகை முழுதும் முன்னரே வாராது. அடித்தளம் முடிந்தபின், கூரை முடிந்தபின் எனப் பகுதி பகுதியாக வரும். முதற் செங்கல்லுக்குக் கைப்பணம் வேண்டும். கைப்பணம் இல்லாதவரே வீடு வேண்டி நிற்பவர். இதற்கிடையே பழைய வீட்டைப் பிரித்தால் தறியையும் பிரித்தல் வேண்டும். கட்டி முடியும் வரை நெய்யாதிருந்தால் கடன் வட்டியையும் அரிசியையும் எதனால் வாங்குவது? குறிக்கோளில் இத்திங்கள்களின் கூலியும் சேர்க்கப்படல் வேண்டும் என்பது என் கருத்து. தெருவிற்கொரு பொதுத் தறிக்கொட்டகை அமைத்து, வீடு கட்டுவார் தத்தம் தறியை அதுவரை அதில் இட்டுக்கொள்ளச் செய்தால் பெருஞ்செலவும் ஆகாது.

என் நண்பர் இல்லத்தார் அத்தகைய கொட்டகைக்குக் காத்திருந்திலர். பங்குனியில் பழைய கூரையைப் பிரித்து, தறியை ஒன்றுவிட்ட சிற்றப்பா வீட்டுத் தாழ்வாரத்திற்குக் கொண்டுபோயினர். சிமெண்டுத் தரை போட வந்த கொத்தனாரிடம் அவர் தந்தையார் சுண்ணாம்பால் ஒரு கட்டம் வரைந்து காட்டி, அவ்விடத்தை மட்டும் மண்ணாகவே விட்டுவிடுமாறு சொல்லிவிட்டார். நீளம் 10 அடி, அகலம் 7 அடி. யான் அளந்து கூறிய கணக்கே அது.