கைக்குள் அடங்கும் என்ஜின்: மாடல் என்ஜினியரிங் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சாமல்பட்டியிலிருந்து போச்சம்பள்ளி, பர்கூர், சூளகிரி, ஓசூர் என்று எந்த சிப்காட் பக்கம் போனாலும் லேத் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார். ஒரே புஷ்ஷை, ஒரே பின்னை ஷிப்டு முழுக்கக் கடைந்து கொடுப்பவர் அவர். அது எந்த வண்டியில், எந்த இடத்தில் உட்காருகிறது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதே கை, முதல் கோட்டிலிருந்து கடைசித் திருகு வரை ஒரு முழு என்ஜினைத் தனக்காகச் செய்வதுதான் மாடல் என்ஜினியரிங். நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு வேறு இல்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

கண்ணாடி அலமாரியில் வைக்கும் பொம்மை வேறு, இது வேறு. இங்கே பிஸ்டன் உண்மையாகவே மேலும் கீழும் போக வேண்டும். நீராவியோ காற்றோ உள்ளே போனால் சக்கரம் சுற்ற வேண்டும். 1898-இல் லண்டனில் பெர்சிவல் மார்ஷல் என்பவர் ‘தி மாடல் என்ஜினியர்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டில் அதன் வாசகர்களைக் கூட்டி ஒரு சங்கமும் அமைத்தார். அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. பத்திரிகையும் சங்கமும் ஒன்றாகப் பிறந்தது தற்செயல் இல்லை. வரைபடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளலாம், ஆனால் பித்தளையில் டிரில் பிட் கவ்வி இழுக்கும்போது என்ன செய்வது என்பதைப் பக்கத்தில் நிற்கும் ஒருவர்தான் சொல்லித்தர முடியும்.

முதல் படி: ஓடும் என்ஜினைப் பார்த்துவிட்டு வாருங்கள்

எதையும் வாங்காதீர்கள், முதலில் பாருங்கள். பெங்களூரு கஸ்தூரிபா சாலையில் 1962-இல் திறந்த விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் என்ஜின்களுக்கென்றே ஒரு அரங்கு இருக்கிறது. ஒரு பகல் முழுவதும் அங்கே நிற்கலாம்.

இன்னும் நல்லது, மேட்டுப்பாளையம் போவது. நம் ஊர் வழியே போகும் அதே ரயில் பாதைதான் சேலம், ஈரோடு தாண்டி அந்தத் திசைக்குக் கொண்டுபோகிறது. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் ரக என்ஜினில் சிலிண்டர்கள் நான்கு. சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல்சக்கரப் பாதை தொடங்கியதும் அந்த இரண்டும் வெளியே விடும் நீராவியே மற்ற இரண்டையும் இயக்கும். இந்த ரகம் முதலில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டு வந்தது. பிறகு 2010-களில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்து காட்டினார்கள். நம் ஊர் ஃபிட்டர்களும் டர்னர்களும் செய்த வேலை அது. குன்னூருக்குள் வண்டி மெதுவாக நுழையும்போது பிஸ்டன் ராடும் வால்வு ராடும் எந்த வரிசையில் அசைகின்றன என்று பாருங்கள்.

இரண்டாம் படி: கருவிகள்

லேத் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. கையில் இருக்க வேண்டியவை: ஒரு நல்ல வைஸ், ஹேக்ஸா, தட்டை அரமும் உருண்டை அரமும், ஸ்க்ரைபர், சென்டர் பஞ்ச், டிரை ஸ்கொயர், எம்3, எம்4 டேப் செட், வெர்னியர். இவற்றில் வெர்னியருக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சமதளப் பலகை என்று கடையில் கேட்டால் விலை மலைக்க வைக்கும். நமக்கு அந்தக் கவலை குறைவு, இது கிரானைட் விளையும் மாவட்டம். பாலிஷ் செய்த கிரானைட்டின் கட் பீஸ் ஒன்றை வாங்கி, அதன்மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெளிச்சம் கசியவில்லை என்றால் ஆரம்ப வேலைக்கு அது போதும்.

லேத் வேலைக்குத் தெரிந்த பட்டறையில், வேலை ஓய்ந்த நேரத்தில் போய், “அண்ணே, ஒரு மணி நேரம் மிஷின் கிடைக்குமா? வாடகை கொடுத்துடறேன்” என்று கேளுங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை வரைந்து காட்டினால் பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள், கூடவே நின்றும் பார்ப்பார்கள். லுங்கி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கையுறை எதுவும் சுழலும் சக் அருகே வரக்கூடாது. கண்ணாடி போடாமல் மிஷினைத் தொடாதீர்கள்.

மூன்றாம் படி: முதல் என்ஜின்

முதல் என்ஜினாக ஆடும் சிலிண்டர் என்ஜினையே செய்யுங்கள். இதற்குத் தனி வால்வு கிடையாது. சிலிண்டரே ஒரு பின்னில் இப்படியும் அப்படியும் ஆடி, காற்று உள்ளே வரும் ஓட்டையையும் வெளியேறும் ஓட்டையையும் மாறிமாறித் திறக்கும். பாகங்கள் குறைவு, ஆனால் அளவு தப்பினால் அசையவே அசையாது. அதனால்தான் இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை என்கிறேன்.

20 மி.மீ. சதுரப் பித்தளையில் சிலிண்டர். ஃபோர் ஜா சக்கில் பிடித்து, 11.8 மி.மீ. வரை டிரில் செய்து, 12 மி.மீ. ரீமர் விடுங்கள். பித்தளைக்கு டிரில் பிட்டின் வெட்டு முனையை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தேய்த்து மழுக்கிவிட்டால் கவ்வி இழுக்காது. பிஸ்டன் துளைக்குள் தன் எடையிலேயே மெதுவாக இறங்க வேண்டும். துளையின் மறுவாயை விரலால் மூடினால் நடுவில் நிற்க வேண்டும்.

ஓட்டைகளின் இடத்தில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள், கணக்கு ஒன்றும் பெரிதில்லை. கிராங்க் மையத்திலிருந்து சிலிண்டர் ஆடும் பின்னுக்கு 40 மி.மீ., கிராங்க் பின் மையத்திலிருந்து விலகி நிற்பது 8 மி.மீ. என்று வையுங்கள். இரண்டுக்கும் விகிதம் ஐந்தில் ஒன்று. சிலிண்டரின் ஓட்டை, ஆடும் பின்னிலிருந்து கிராங்குக்கு எதிர்ப்பக்கம் 15 மி.மீ. தூரத்தில் இருந்தால், அது பக்கவாட்டில் 15-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ. போய்வரும். ஆகவே சிலிண்டரைத் தாங்கும் சட்டத்தில் நடுக்கோட்டின் இருபுறமும் 3 மி.மீ. தள்ளி இரண்டு ஓட்டைகள். எல்லா ஓட்டைக்கும் 2.5 மி.மீ. டிரில். சிலிண்டர் நேராக நிற்கும்போது இரு ஓட்டைகளும் அரை மில்லிமீட்டர் இடைவெளியோடு மூடியிருக்கும், காற்று குறுக்கே ஓடாது.

சிலிண்டரும் சட்டமும் உரசும் முகங்களை 400, 600, 1000 எமரி ஷீட்டுகளில் வரிசையாக, கிரானைட்டின்மேல் வைத்து, எண்ணெய் விட்டு எட்டு போடுவதுபோல் தேயுங்கள். மார்க்கர் மை பூசி இரண்டையும் உரசினால் மை முழுவதும் ஒரே சீராக மங்க வேண்டும். ஓரத்தில் மட்டும் மங்கினால் இன்னும் வேலை இருக்கிறது.

சிலிண்டரைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டு, எண்ணெய் விட்டு, பஞ்சர் கடைக் காற்றை ஒரு பார் அழுத்தத்துக்குக் குறைத்துக் கொடுங்கள். ஃப்ளைவீலை விரலால் ஒரு தட்டு. ஓடவில்லையென்றால் முதலில் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள், பிறகுதான் மற்றதைச் சந்தேகப்பட வேண்டும்.

நான்காம் படி: சங்கம் கூட்டுங்கள்

ஒரு டர்னர், ஒரு ஃபிட்டர், வெல்டிங் தெரிந்த ஒருவர், ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. ஆசிரியர் ஒருவர், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். தொடங்க இவ்வளவு போதும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, ஏதாவது ஒரு பட்டறையில் கூடுங்கள். வருகிற ஒவ்வொருவரும் தான் செய்ததில் ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று விதி வையுங்கள். பாதி முடிந்ததாக இருந்தாலும் சரி, கெட்டுப்போனதாக இருந்தாலும் சரி. கெட்டுப்போன சிலிண்டரை மேஜையில் வைத்தால் அரை மணி நேரத்துக்கு எல்லோருக்கும் பாடம்.

ரீமர், டயல் கேஜ் போன்றவற்றைத் தனித்தனியே வாங்குவது வீண். சந்தாப் பணத்தில் பொதுவாக வாங்கி, யார் எடுத்துப் போனார் என்று நோட்டில் எழுதுங்கள். ஏழு பேர் சேர்ந்ததும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி பதிவு செய்துகொள்ளலாம்.

ஆயுத பூஜையை விட்டுவிடாதீர்கள். அன்று பட்டறைகள் கழுவித் துடைத்து, மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, தெருவே உள்ளே வந்து போகும். பூஜைத் தட்டுக்குப் பக்கத்தில் உங்கள் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த ஆண்டு உறுப்பினர்கள் அங்கேயே கிடைப்பார்கள்.

ஐந்தாம் படி: நீராவிக்குப் போகுமுன்

காற்றில் ஓட்டிப் பழகிய பிறகே பாய்லர். 25 லிட்டருக்குக் குறைந்த பாய்லர்கள் நம் பாய்லர் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆகவே இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கப் போவதில்லை, சோதிக்கும் பொறுப்பு முழுக்க உங்களுக்கும் சங்கத்துக்கும்தான்.

செம்பில் செய்யுங்கள், வெள்ளி கலந்த ராடில் பற்றவையுங்கள். ஏசி மெக்கானிக் பயன்படுத்தும் பாஸ்பரஸ் ராடு, நிலக்கரி நெருப்பிலுள்ள கந்தகத்தால் நாளடைவில் அரித்துவிடும். ஈயப் பற்றாசு கூடவே கூடாது. சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் சுமார் 162 டிகிரி, பற்றாசு உருகத் தொடங்குவது 183 டிகிரியில். தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினால் அந்த இடைவெளி மறைந்துவிடும்.

சோதனை நீரால் மட்டுமே. காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஓட்டும் அழுத்தத்தைப்போல் இரண்டு மடங்குக்கு, அதாவது 160 பவுண்டுக்கு ஏற்றி, முள் இறங்குகிறதா என்று இருவர் நின்று பாருங்கள். பலவீனமான இடம் இருந்தால் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். அதையே காற்றால் சோதித்தால் வெடிக்கும். தேதி, அழுத்தம், பார்த்த இருவரின் கையெழுத்து மூன்றையும் சங்க நோட்டில் ஏற்றுங்கள்.

ஆறாம் படி: தண்டவாளம்

ஆள் உட்கார்ந்து போகும் ரயில்தான் ஆசை என்றால், உலகெங்கும் சங்கங்கள் போடும் தண்டவாள அகலங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: மூன்றரை அங்குலம், ஐந்து அங்குலம், ஏழேகால் அங்குலம். முதலில் ஐந்தையே பரிந்துரைக்கிறேன். நம் அகலப் பாதை 1,676 மி.மீ., ஐந்து அங்குலத்தில் அதன் அளவு பதின்மூன்றில் ஒன்று என்று அரைகுறையாக வரும். நீலகிரியின் 1,000 மி.மீ. பாதையோ கிட்டத்தட்ட சரியாக எட்டில் ஒன்று. எக்ஸ் ரக என்ஜினின் எந்த அளவையும் எட்டால் வகுத்து அப்படியே லேத்துக்குக் கொண்டுபோகலாம். நான்கு சிலிண்டர்களும் வேண்டாம், முதலில் சமதளத்துக்கான இரண்டை மட்டும் செய்யுங்கள். பல்சக்கரத்துக்கான இரண்டுக்கும் சட்டத்தில் இடம் விட்டு வையுங்கள்.