பழைய நிலப்படமும் மறைந்த பாதைகளும்

மோட்டார்ச் சாலைகள் அமைவதற்கு முன்னர் இமயமலை ஊர்களை இணைத்தவை ஒற்றையடிப் பாதைகளும், பொதி விலங்குகள் செல்லும் வழிகளுமே ஆகும். சாலை வந்தபின் அவற்றுட் பல நடப்பாரின்றிப் புதர் மூடிப் போயின. ஆயினும், ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட பழைய தாள்களில் அவை சிவப்புக் கோடுகளாக இன்றும் காணப்படுகின்றன. தாவரம் சேகரிக்கும் களப்பணியாளரும், மாணவரை மலைநடைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் சாலையை விட்டு விலகிய இடங்களைத் தேர்ந்தெடுக்க இத்தாள்கள் பெரிதும் துணைபுரியும்.

53 ஜே/3 என்னும் தாளில் டேராடூனும் முசூரியும் அடங்கியுள்ளன. ராஜ்பூரிலிருந்து ஜாரிபானி வழியாக முசூரிக்கு ஏறும் பழைய பாதை இப்பகுதியைச் சேர்ந்தது. அதில் இன்றும் நடந்து செல்லலாம்.

எல்லாப் பாதைகளும் இவ்வாறு எஞ்சியிருப்பதில்லை. கிழக்கே அடுத்துள்ள 53 ஜே/7 தாளை நோக்குக. பாகீரதியும் பிலங்கனாவும் கூடுமிடத்தில் டெஹ்ரி நகரமும், அதை நோக்கி இறங்கும் வழிகளும் பழைய பதிப்பில் காணப்படும். 2005-ஆம் ஆண்டில் டெஹ்ரி அணையின் நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கவே, அந்நகரம் நீருள் மூழ்கியது. படத்தை மட்டும் நம்பி இறங்குபவர் நீர்விளிம்பில் வந்து நிற்பார். பொழுது சாய்ந்துவிட்டால் திரும்பி ஏறுவதும் அபாயமே. இதற்குப் பரிகாரமும் அப்பழைய தாளிலேயே உண்டு. அணையின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 830 மீட்டர், அதாவது ஏறத்தாழ 2,723 அடி. அணைக்கு மேலாற்றுப் பகுதியில், 2,700 அடிச் சமவுயரக் கோட்டுக்குச் சற்று மேலாக நீலப் பென்சிலால் ஒரு கோடு வரைந்தால் நீர்த்தேக்கத்தின் கரை கிடைத்துவிடும். அக்கோட்டுக்குக் கீழுள்ள பாதைகளை நீக்கிவிடுக. கோடையில் நீர்மட்டம் வெகுவாக இறங்கும். அப்போது வெளிப்படும் வண்டற்சரிவில் பழைய வழியைத் தேடுதல் ஆகாது.

குன்றின் வடிவம் ஒரு தலைமுறையில் பெரிதும் மாறுவதில்லை. பாலமும் பாதையும் மாறுகின்றன. ஆகவே தாளின் விளிம்பில் அளவை செய்த ஆண்டையே முதலில் பார்த்தல் வேண்டும். அச்சிட்ட ஆண்டு அதற்குப் பல்லாண்டு பிற்பட்டதாயிருத்தல் கூடும். வெள்ளம் அரிக்கும் ஓடையோரப் பாதையைவிட முகட்டையொட்டிய பாதை நிலைத்திருக்க வாய்ப்பு மிகுதி. கறுப்பு நிறத்தில் காட்டிய ஓடை வறண்டது. குடிநீருக்கு அதனை நம்பலாகாது.

தேர்ந்த பாதையை 1:50,000 அளவுள்ள புதிய தாளுக்கு மாற்றும்போது, பழைய தாளின் ஓர் அங்குலம் அதில் ஏறத்தாழ 3.2 சென்டிமீட்டர் ஆகும். ஓடைகள் கூடுமிடம், சிகரம் போன்ற அடையாளங்களைப் பொருத்தி மாற்றுவதே நன்று. பழைய தாளின் அட்சரேகை, தீர்க்கரேகைகள் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவிகளின் அடிப்படை வேறாதலின், கருவி காட்டும் எண்களை அத்தாளில் அப்படியே குறித்தால் இடம் விலகிவிடும்.